கசிவைக் கேட்டவர்கள்

அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால் சத்தம் கேட்கும். பீறிடும் நீர் ஓட்டையின் விளிம்பில் மோதி எழுப்பும் சீறல், குழாயின் இரும்பு வழியாகவே வெகுதூரம் செல்லும். இந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே நகரக் குடிநீர்த் துறைகள் நூறாண்டுகளுக்கு மேலாக ஆட்களை வைத்திருந்தன. ஊர் அடங்கிய பிறகு அவர்கள் தெருவில் இறங்குவார்கள். வால்வின் தலையில் கம்பியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைக் காதோடு அழுத்தி, மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பார்கள். பழகிய காது, சாக்கடை ஓட்டத்திலிருந்தும் தூரத்து வண்டி இரைச்சலிலிருந்தும் கசிவைப் பிரித்தறிந்துவிடும். இப்போது அந்தக் காதின் வேலையைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்கிறது. குழாய்களில் பொருத்திய உணர்கருவிகள் நள்ளிரவில் பதிவுசெய்யும் ஒலியைக் கணினி ஆராய்ந்து, எது கசிவு, எது இல்லை என்று சொல்கிறது. நகராட்சிகளின் முன் வைக்கப்படும் திட்டங்களில் இது பெரும் புரட்சியாகப் பேசப்படுகிறது. ஆனால் இந்தத் தொழிலின் வரலாற்றைப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. கசிவைக் கண்டுபிடிக்கும் திறமைக்கு நவீன நகரங்களில் பெரிய பஞ்சம் இருந்ததில்லை. உள்ளே போன தண்ணீர் எவ்வளவு, வீடுகளுக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று பகுதி பகுதியாகக் கணக்கு வைக்கும் துணிவுக்கும், கணக்கில் துண்டு விழுந்தால் உடனே போய்த் தோண்டும் அதிகாரத்துக்கும்தான் பஞ்சம்.

இழப்பு சிறியதல்ல. உலகம் முழுவதும் குடிநீர் அமைப்புகளுக்குள் விடப்பட்டுக் கட்டணக் கணக்குக்கு வராமல் போகும் தண்ணீர் ஆண்டுக்கு 12,600 கோடி கன மீட்டர் என்று ரோலண்ட் லீம்பெர்கரும் ஆலன் வையட்டும் 2019-இல் மதிப்பிட்டார்கள். இதில் மண்ணுக்குள் கசிவது ஒரு பகுதி. திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர், எழுதப்படாத கணக்கு ஆகியவை மறுபகுதி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்த நகரமும் முன்னேறியதில்லை. இதில் முதலில் இடறியவரும் முதலில் வழிகாட்டியவரும் ஒருவரே. கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா, ரோம் நகரத்தின் நீர் வழங்கலைக் கவனிக்கும் பொறுப்பை ஃபிரான்டினஸ் என்ற மூத்த அதிகாரியிடம் ஒப்படைத்தார். அவர் செய்த முதல் காரியம் பழைய ஏடுகளைப் புரட்டியது. ஏட்டில் வரவாகக் காட்டப்பட்டதைவிடப் பட்டுவாடா அதிகமாக இருந்தது. வாய்க்கால்களின் தலைப்பிலேயே போய் அளந்தார். ஏட்டில் இருப்பதைவிடச் சுமார் 10,000 அலகு கூடுதலாகத் தண்ணீர் வருவதாகத் தெரிந்தது. இடையில் போனது எங்கே என்று தேடியபோது, தெருவுக்கு அடியில் பிரதானக் குழாய்களில் துளையிட்டுக் கடைகளுக்குத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்த துறையின் சொந்த ஆட்கள் அகப்பட்டார்கள். அந்தத் திருட்டுக் குழாய்களைப் பிடுங்கியதில் கிடைத்த ஈயமே கணிசமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் அவருடைய அளவையில் ஒரு பெருங்குறை உண்டு. குழாயின் குறுக்குப் பரப்பை அளந்தாரே தவிர, நீரின் வேகத்தைக் கணக்கில் சேர்க்கும் முறை அவரிடம் இல்லை. ஆகவே அவர் கண்ட வித்தியாசத்தில் எவ்வளவு களவு, எவ்வளவு அளவைப் பிழை என்று இன்று எவராலும் பிரிக்க முடியாது. நேர்மையும் அதிகாரமும் அவரிடம் இருந்தன, மீட்டர் இல்லை. அந்த ஒரு குறை தீர உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

குறை தீர்ந்த இடம் லிவர்பூல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து நகரங்கள் பலவற்றில் குழாயில் தண்ணீர் நாளுக்குச் சில மணி நேரம்தான் வந்தது. மக்கள் தொட்டிகளில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நாள் முழுவதும் தண்ணீர் விட்டால் ஏழை வீடுகளின் ஒழுகும் குழாய்களில் அத்தனையும் வீணாகிவிடும் என்பது நீர்க் கம்பெனிகளின் வாதம். அந்த வாதத்தைச் செயலால் உடைத்தவர் தாமஸ் ஹாக்ஸ்லி. நாட்டிங்காம் நகரில் 1830-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த நீர்நிலையம் அழுத்தம் குறையாமல் எந்நேரமும் தண்ணீர் கொடுத்தது. விட்டுவிட்டுக் கொடுப்பதைவிட இதில்தான் விரயம் குறைவு என்று 1840-களில் அரசு விசாரணைக் குழுவின் முன் சாட்சியமும் சொன்னார். லிவர்பூலின் நிலைமை இன்னும் கடினமானது. மக்கள்தொகை பெருகியது. நகருக்கு நீர் தந்த ரிவிங்டன் நீர்த்தேக்கங்கள் போதவில்லை. 1860-களின் வறட்சிக்குப் பிறகு நகரம் நேரம் பிரித்துத் தண்ணீர் விடும் நிலைக்குத் தள்ளப்பட்டது. 1871-இல் நகரப் பொறியாளராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் ஃபிரெடெரிக் டீக்கன், புதிய அணைக்கு முன்பாக இருக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கினார். அதற்காக 1873-இல் அவர் உருவாக்கிய மீட்டர், கூம்பு வடிவக் குழாய்க்குள் மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு வட்டத் தகடு. ஓட்டம் கூடினால் தகடு கீழிறங்கும், குறைந்தால் மேலேறும். கம்பியோடு இணைந்த பென்சில், கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் அந்த அசைவைக் கோடாக வரைந்துகொண்டே போகும்.

அந்தக் கோட்டில் இருந்தது ஒரு புதிய அறிவு. ஒரு பகுதிக்குள் போகும் எல்லாத் தண்ணீரும் ஒரே மீட்டர் வழியாகப் போகும்படி வால்வுகளை மூடிவிட்டால், அந்தப் பகுதியின் ஒரு நாள் முழுவதும் தாளில் படிந்துவிடும். காலையில் ஏற்றம், மதியம் இறக்கம், மாலையில் மறுபடியும் ஏற்றம். நள்ளிரவு கடந்து எல்லோரும் உறங்கும்போது கோடு ஏறக்குறைய தரையைத் தொட வேண்டும். தொடாமல் உயரத்திலேயே தட்டையாக ஓடினால், அந்த உயரம்தான் கசிவு. பிறகு ஆய்வாளர்கள் இரவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் வெளியிலிருந்து மூடிக்கொண்டே போவார்கள். எந்த இணைப்பை மூடிய நிமிடத்தில் கோடு சரிந்ததோ அந்த இணைப்பில்தான் ஓட்டை. மூடும் சாவியையே காதில் வைத்து ஓட்டத்தின் ஒலியையும் உறுதி செய்துகொள்வார்கள். இந்த முறையால் லிவர்பூலின் விரயம் குறைந்தது, தண்ணீர் மறுபடியும் நாள் முழுவதும் வந்தது. டீக்கன் 1875-இல் லண்டனில் சிவில் பொறியாளர்கள் அமைப்பின் முன் வாசித்த கட்டுரை இந்த வாதத்தைத் துறை முழுவதற்கும் கொண்டுசென்றது. வேல்ஸ் மலைகளில் வைர்ன்வி அணையை அவர் கட்டியது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். முதலில் கணக்கு, பின்பு அணை. இன்றைய நகரங்களில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

கசிவின் கணிதம் எளியது, ஆனால் கண்ணை ஏமாற்றும். பிரதானக் குழாய் உடைந்து சாலையில் ஆறாக ஓடினால் செய்தி வரும், அதிகாரிகள் ஓடி வருவார்கள், ஒரு நாளில் சரியாகிவிடும். மணிக்கு 100 கன மீட்டர் வீதம் 24 மணி நேரம் பீறிட்டாலும் போனது 2,400 கன மீட்டர். வெளியே தெரியாமல் மணிக்கு 1 கன மீட்டர் மட்டும் கசியும் ஒரு வீட்டு இணைப்பு ஓராண்டு கவனிக்கப்படாமல் கிடந்தால் 8,760 கன மீட்டர் போய்விடும். ஆக, இழப்பைத் தீர்மானிப்பது ஓட்டையின் அளவைவிட அது உயிரோடு இருக்கும் காலம். கசிவு இருக்கிறது என்று அறியும் வரையான காலம், இடத்தைக் குறிக்கும் வரையான காலம், அடைக்கும் வரையான காலம் என்று பொறியாளர்கள் அதை மூன்றாகப் பிரிப்பார்கள். டீக்கனின் மீட்டர் சுருக்கியது முதல் காலத்தை. கம்பி வைத்துக் கேட்டவர்கள் சுருக்கியது இரண்டாவதை. மூன்றாவதைச் சுருக்குவது மண்வெட்டியும் நிர்வாகமும்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்த நகரம் டோக்கியோ. 1945-இல் குண்டுவீச்சில் எரிந்த அந்நகரத்தில், வழங்கிய தண்ணீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கசிந்துகொண்டிருந்தது. 1950-களின் நடுவில் அது 20 விழுக்காட்டளவுக்கு வந்தது. அதற்குக் கீழே இறக்குவது பல பத்தாண்டு உழைப்பாக இருந்தது. நகரத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, நள்ளிரவுக்குப் பின் வால்வுகளை மூடி ஒரு மீட்டர் வழியாக மட்டும் தண்ணீர் விட்டு, எந்த வீட்டிலும் எவரும் தண்ணீர் திறக்காத சில நிமிடங்களைப் பிடித்து, அப்போதும் ஓடுவது எவ்வளவு என்று குறித்தார்கள். அடிப்படையில் இது டீக்கனின் முறையேதான். அந்தப் பதிவுகள் ஒரு பெரிய உண்மையைக் காட்டின. கசிவுகளில் மிகப் பெரும்பாலானவை பிரதானக் குழாயில் இல்லை, அதிலிருந்து வீட்டுக்குப் பிரியும் சிறிய ஈயக் குழாய்களில் இருந்தன. ஆகவே 1980 முதல் அந்த இணைப்புகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றத் தொடங்கினார்கள். தோண்டிய பள்ளத்தை மீண்டும் மீண்டும் தோண்டும் அவலம் ஒழிந்தது. இன்று டோக்கியோவின் கசிவு 3 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இந்தச் சரிவின் பெரும்பகுதி நிகழ்ந்தது கணினி கசிவைக் கற்றுக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பு.

அப்படியானால் செயற்கை நுண்ணறிவு தேவையே இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். அந்த முடிவுக்கு நான் வரவில்லை. கம்பிக்கும் காதுக்கும் உண்மையான எல்லைகள் உண்டு. 1970-களில் பிரிட்டனில் உருவான ஒப்பீட்டுக் கருவி, குழாயின் இரண்டு இடங்களில் உணர்கருவி வைத்து, ஒரே ஒலி இரண்டுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு கசிவின் தூரத்தைக் கணக்கிட்டது. இரும்புக் குழாயில் ஒலி நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் பாய்வதால் அது நன்றாக வேலை செய்தது. பிளாஸ்டிக் குழாய்கள் வந்தபோது நிலைமை மாறியது. அவற்றில் ஒலி மெதுவாகச் செல்லும், சீக்கிரம் மங்கிவிடும், எஞ்சுவது தாழ்ந்த முனகல் மட்டுமே. நகர இரைச்சலில் அந்த முனகலைப் பிரித்தெடுப்பது மனிதக் காதுக்குக் கடினம். பல்லாயிரம் பதிவுகளைக் கேட்டுப் பழகிய கணினி அதில் உதவும். காது பழகிய தலைமுறை ஜப்பானில் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது, அந்த இடத்துக்கு இளைஞர்கள் போதிய அளவில் வரவில்லை என்பதும் ஒரு காரணம். இவற்றைவிடப் பெரிய உதவி, முதல் காலத்தைச் சுருக்குவது. ஒவ்வொரு பகுதியும் திங்கட்கிழமை எப்படி நடந்துகொள்ளும், திருவிழா நாளில் எப்படி, வெயில் நாளில் எப்படி என்று கணினி கற்றுவைத்திருக்கும். இன்றைய இரவின் ஓட்டம் அந்த எதிர்பார்ப்பிலிருந்து சிறிது விலகினாலும் மறுநாள் காலையில் பொறியாளரின் மேசைக்கு எச்சரிக்கை வந்துவிடும். எந்தக் குழாய் அடுத்து உடையக்கூடும் என்று வயது, உலோகம், மண், பழைய பழுதுகள் ஆகியவற்றை வைத்து முன்கூட்டிச் சொல்லும் முறைகளும் வந்திருக்கின்றன. எல்லாக் குழாய்களையும் மாற்றப் பணமில்லாத ஊருக்கு எதை முதலில் மாற்றுவது என்று தெரிவது பெரிய விஷயம்.

ஆனால் இந்தப் பயன்கள் ஒவ்வொன்றும் எதன்மேல் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். ஜப்பானின் டொயோட்டா நகரம் சில ஆண்டுகளுக்கு முன், செயற்கைக்கோளிலிருந்து எடுத்த ரேடார் படங்களை நுண்ணறிவு மென்பொருளால் ஆராய்ந்து கசிவு இருக்கக்கூடிய இடங்களைத் தேடியது. 500-க்கும் மேற்பட்ட வட்டங்களை மென்பொருள் குறித்துக் கொடுத்தது. அவற்றில் கால் பங்குக்குச் சற்று மேற்பட்டவற்றில் கசிவு உண்மையாகவே இருந்தது. பல ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலை சில மாதங்களில் முடிந்தது. இது பாராட்டத்தக்க சாதனை. அதே வேளையில், ஒவ்வொரு வட்டமும் சுமார் 200 மீட்டர் அகலம். அதற்குள் எந்த வீட்டின் முன் தோண்டுவது என்று சொல்ல ஊழியர்கள் கேட்கும் கருவியோடு நடந்தே போக வேண்டியிருந்தது. மீதி வட்டங்களில் கசிவு இல்லை என்று சொன்னவர்களும் அவர்கள்தான். குழாய்களின் வரைபடம் சரியாக இருந்ததாலும், பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்ததாலும், அடைக்கும் குழு காத்திருந்ததாலும் அந்த வட்டங்கள் பயன்பட்டன. வரைபடமே இல்லாத ஊரில் அதே வட்டங்கள் வெறும் படங்கள். கற்கும் இயந்திரத்துக்குக் கற்பிக்கப் பழைய பழுதுப் பதிவேடு வேண்டும். எங்கே, எப்போது, எந்தக் குழாயில், என்ன காரணத்தால் உடைந்தது என்று எழுதிவைக்காத துறையிடம் கற்பிக்க ஒன்றுமில்லை.

நம் ஊர்களை நினைத்து எழும் எதிர்ப்பு இதைவிடக் கனமானது. தமிழ்நாட்டின் பல நகரங்களில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாளோ, அதைவிட இடைவெளி விட்டோ வருகிறது. தண்ணீர் இல்லாத குழாய் சத்தம் போடாது. வந்த நேரத்தில் எல்லா வீடுகளும் சம்ப்பை நிரப்புகின்றன, சிலர் பிரதானக் குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். நள்ளிரவு அமைதி என்பதே கிடையாது. இதில் இரவு ஓட்டத்தை எப்படி அளப்பது, நாள் முழுவதும் விட்டால் இருக்கும் தண்ணீரும் போய்விடாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இதே கேள்வியைத்தான் நீர்க் கம்பெனிகள் ஹாக்ஸ்லியிடம் கேட்டன. லிவர்பூலும் நேரம் பிரித்துத் தண்ணீர் விட்ட நகரம்தான். முறைவைத்து விடுவதால் தண்ணீர் மிச்சமாவதில்லை, கசிவைப் பற்றிய செய்தி மட்டுமே மறைகிறது. காலியான குழாய்க்குள் வெளியிலிருந்து சாக்கடை நீர் உறிஞ்சப்படுவது அதன் கூடுதல் தண்டனை. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் 2008 முதல் சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேரமும் தண்ணீர் தரப்பட்டது. அந்நகரில் இரண்டு வகை வீடுகளின் குழாய் நீரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். விட்டுவிட்டு வந்த நீரின் மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் மலக் கிருமி இருந்தது. தொடர்ந்து வந்த நீரில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஏழை நாட்டில் இது நடக்காது என்பவர்களுக்கு ப்னோம் பென் பதில் சொல்லும். போரும் இனப்படுகொலையும் சிதைத்த கம்போடியத் தலைநகரில் 1993-இல் வழங்கப்பட்ட தண்ணீரில் 72 விழுக்காடு கணக்கில் வரவில்லை. நாளுக்குச் சுமார் 10 மணி நேரம், அதுவும் நகரத்தின் சிறு பகுதிக்கு மட்டும் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டு குடிநீர் ஆணையத்தின் தலைவரான ஏக் சோன் சான் முதலில் செய்தது வீடுவீடாக யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பு. பணம் கட்டாதவர்களில் செல்வாக்குள்ளோர் நிறைய. மீட்டர் பொருத்தப் போனபோது ஒரு ராணுவ உயர் அதிகாரி தன் தலைக்குத் துப்பாக்கியை நீட்டினார் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பின்வாங்கவில்லை. துறைக்குள்ளேயே திருட்டு இணைப்புக்குத் துணைபோன ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், காட்டிக்கொடுத்தவர்கள் பரிசு பெற்றார்கள். பழைய குழாய்கள் மாற்றப்பட்டன, நகரம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, கசிவைத் தேடும் குழுக்கள் இரவும் பகலும் இயங்கின. பதினைந்து ஆண்டுகளுக்குள் இழப்பு 6 விழுக்காட்டை நெருங்கியது, தண்ணீர் 24 மணி நேரமும் வந்தது. 2006-இல் ஏக் சோன் சானுக்கு மகசேசே விருது கிடைத்தது. வெளிநாட்டு உதவிப் பணம் இருந்ததால்தான் முடிந்தது என்பார்கள். பணம் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அதே கடன் வங்கிகளிடம் அதே காலத்தில் பணம் வாங்கிய நகரங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு இல்லாதது அந்தத் துப்பாக்கிக்கு முன் நின்ற அதிகாரம். ரோமில் ஃபிரான்டினஸ் தன் சொந்த ஆட்கள்மேல் எடுத்ததும் அதே நடவடிக்கைதான். செல்வாக்குள்ளவரின் வீட்டுக்கு எதிரே ஓட்டம் கூடுகிறது என்று இயந்திரம் துல்லியமாகக் காட்டும். கதவைத் தட்டுவது அதன் வேலை அல்ல.

மற்றொரு எதிர்ப்பு பொருளாதாரத்திலிருந்து வருவது. கசிவை ஓரளவுக்கு மேல் அடைப்பது, கசியும் நீரின் விலையைவிட அதிகம் செலவாகும், ஆகவே அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது. தனியார்மயமான இங்கிலாந்தில் இந்தக் கணக்கு நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1990-களின் நடுவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 500 கோடி லிட்டர் கசிந்தது. 1995-இல் யார்க்‌ஷயரில் வறட்சி வந்தபோது லாரிகளில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. கசிவு நீரின் விலையாக அவர்கள் வைத்திருந்தது சுத்திகரிப்பு மருந்தின் விலையும் மின்சாரத்தின் விலையும் மட்டுமே. லாரியின் விலையும், மக்கள் இழந்த நம்பிக்கையின் விலையும் அதில் இல்லை. 1997-இல் அரசு தலையிட்டு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆண்டுதோறும் கசிவு இலக்கு விதித்து, எட்டியதையும் எட்டாததையும் வெளியிடச் செய்தது. சில ஆண்டுகளில் கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த ஆண்டுகளில் கையாண்ட முறைகள் முன்பே தெரிந்தவை. நகரத்தை மீட்டர் வைத்த பகுதிகளாகப் பிரிக்கச் சொன்ன வழிகாட்டி அறிக்கை 1980-லேயே வந்துவிட்டது. புதிதாக வந்தது பொதுமக்கள் பார்க்கும்படி வெளியான எண். பிறகு அந்த அழுத்தம் தளர்ந்தபோது சரிவும் நின்றுபோனது.

கோயம்புத்தூர் 24 மணி நேரக் குடிநீருக்காக 2018-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒடிசாவின் பூரியில் 2021 முதல் குழாய் நீரையே குடிக்கிறார்கள். இனி நம் மாநகராட்சிகள் பலவும் கசிவைத் தேடும் நுண்ணறிவு மென்பொருளை ஒப்பந்தத்தில் கேட்கப் போகின்றன. கேட்கட்டும். ஆனால் ஒப்பந்தப் பத்திரத்தில் மென்பொருளின் பெயருக்கு முன்பாகச் சில வரிகள் எழுதப்பட வேண்டும்: ஒவ்வொரு பகுதியும் எல்லை மூடி மீட்டர் வைத்துப் பிரிக்கப்பட்டதா, திட்டம் தொடங்குமுன் அதன் நள்ளிரவு ஓட்டம் எவ்வளவு, எச்சரிக்கை வந்த நாளுக்கும் பள்ளம் மூடிய நாளுக்கும் இடையே எத்தனை நாள், அந்தக் கணக்கு மாதந்தோறும் வார்டுவாரியாக எங்கே வெளியிடப்படும். எச்சரிக்கைக்கும் பழுது நீக்கத்துக்கும் இடைப்பட்ட நாட்களை ஒப்பந்ததாரரிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை. தெருவைத் தோண்ட அனுமதி தரும் பொறியாளர், சாலைத் துறை, மின்வாரியம், போக்குவரத்துக் காவல் ஆகிய எல்லாரும் அந்த நாட்களுக்குப் பொறுப்பு. ஆகவே அந்த எண் மாநகராட்சியின் பெயரிலேயே வெளிவர வேண்டும்.